கன உலோக இசையும் தொடர்நிலைச் செய்யுளும்

மாலை வேளையில் நம் கல்லூரி விடுதியிற் சில அறைகளைக் கடந்து செல்வோர் காதில், இடிமுழக்கமும் கொல்லன் பட்டறையும் ஒருங்கு கலந்தாலொத்த ஓர் ஓசை விழுவதுண்டு. மேனாட்டார் அதனை 'ஹெவி மெட்டல்' என்பர். கன உலோகம் என்பது அச்சொற்குப் பொருள். மின்னாற்றலாற் பெருக்கப்பட்ட கித்தார்களும், இரு கையானும் இரு காலானும் அடிக்கப்படும் முரசுகளும், உரத்த குரலும் அதன் உறுப்புகளாம். "இஃது இசையன்று, இரைச்சல்" என்று வெறுப்பார் சிலர். "சாத்தானின் சங்கீதம்" என்று அஞ்சுவார் வேறு சிலர். இவ்விரண்டு கூற்றையும் முற்ற ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவ்விசையுள் 'கான்செப்ட் ஆல்பம்' என வழங்கும் ஒரு வகையுண்டு. அது கேட்பாரை, சிறப்பாகத் தமிழ் கற்பாரை, ஏன் பிணிக்கின்றது என்பதையே ஈண்டுச் சொல்லப் புகுந்தேன்.

தண்டியலங்காரமுடையார் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என நான்காக வகுத்தமை தமிழ் மாணவர் அறிந்ததே. தனித்து நின்று பொருள் முடிவது முத்தகம். பல பாட்டுகள் ஒரு வினைகொண்டு முடிவது குளகம். ஏதேனும் ஓர் இயைபு பற்றிப் பலவற்றைத் திரட்டி வைப்பது தொகைநிலை. ஒன்றோடொன்று கோத்துச் செல்வது தொடர்நிலை. அத்தொடர்நிலையும் பொருளாற்றொடர்வது, சொல்லாற்றொடர்வது என இருதிறப்படும். காப்பியம் முன்னதற்கும், அந்தாதி பின்னதற்கும் எடுத்துக்காட்டாம். இப்பகுப்பை இக்கால இசைக்கு இயைத்துப் பார்ப்பின் வியப்பாயிருக்கின்றது. வானொலியிற் கேட்கும் தனிப்பாட்டு முத்தகம். பத்துப் பாட்டுகளைச் சேர்த்து ஒரு பெயரிட்டு விற்கும் சாதாரண இசைத்தட்டு தொகைநிலை. எழுபது நிமிடமாயினும் முதற்பாட்டிற் பிடித்த நூலை இறுதிப்பாட்டு வரையில் விடாது கொண்டுசெல்லும் கான்செப்ட் ஆல்பமோ தொடர்நிலை. மேனாட்டார்க்குத் தண்டியைத் தெரியாது. ஆயினும் அவர் செய்தது இதுவே.

'ஆல்பம்' என்னும் சொல்லின் வரலாறே இதனைக் காட்டும். நிமிடத்திற்கு 78 முறை சுழன்ற பழைய கிராமபோன் தட்டு, பக்கத்திற்கு மூன்று நான்கு நிமிடமே பாடும். நெடிய இசையொன்றைப் பதிய வேண்டுமாயின் பல தட்டுகள் வேண்டும். அவற்றைப் படங்கள் ஒட்டும் ஏடு போன்றதோர் அட்டைப் புத்தகத்திற் செருகி விற்றனர். அதனால் ஆல்பம் என்னும் பெயர் வந்தது. நம் நாட்டிலும் அக்காலத்து மேடை நாடகங்களைப் பல தட்டுகளிற் பதிந்து 'செட்' என்று விற்றதுண்டு. ஒரு தட்டு முடிந்தவுடன் ஒருவர் எழுந்து மறுதட்டை வைக்க, வீட்டார் அனைவரும் அடுத்த காட்சிக்குக் காத்திருப்பராம். 1948-இற் கொலம்பியா கம்பெனியார் நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலும் நெடுந்தட்டை வெளியிட்டனர். அதன் ஒரு பக்கம் இருபது நிமிடத்திற்குக் குறையாது பாடியது. கதை சொல்ல இடம் கிடைத்துவிட்டது. 1969-இல் 'தி ஹூ' என்னும் ஆங்கிலக் கோஷ்டியார் 'டாமி' என்ற இசைக்கதையைப் பதிந்தனர். அதற்கு அடுத்த ஆண்டு பர்மிங்காம் நகரத்தில் 'பிளாக் சபத்' கோஷ்டியாரின் முதல் தட்டு வெளிவர, கன உலோக இசை பிறந்தது என்பர்.

அக்கோஷ்டியின் கித்தார் வித்துவானாகிய டோனி ஐயோமி, பதினேழு வயதில் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் வலக்கையின் இரண்டு விரல்நுனிகளை இழந்தவர். உருக்கிய நெகிழிப் புட்டியால் விரலுறை செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். விரல் நோவாதிருக்கப் பிற்காலத்தில் நரம்புகளைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். கன உலோக இசையின் அந்தக் கனத்த அடித்தொனிக்கு ஒரு தொழிலாளியின் காயமும் காரணம் என்பதை, அதனை இரைச்சலென்று தள்ளுவோர் அறிதல் நன்று.

இவ்விசையிற் கதைத்தொடர்கள் செழித்த காலம் 1987, 1988 ஆகிய ஈராண்டுகள் என்னலாம். டென்மார்க்கு நாட்டுக் கிங் டயமண்ட் 1987-இல் 'அபிகேய்ல்' என்பதை வெளியிட்டார். 1845-ஆம் ஆண்டில் ஒரு பழைய மாளிகையிற் குடிபுகும் இளந்தம்பதியரைப் பற்றிய பேய்க்கதை அது. கதாகாலட்சேபம் செய்வார் ஒருவரே இராமனாகவும் சூர்ப்பணகையாகவும் குரல்மாற்றிப் பேசுதல் போல, அவர் ஒருவரே தம் குரலைக் கீழும் மேலும் செலுத்திப் பல பாத்திரமாய்ப் பாடுகின்றார். கலைத்திறம் பெரிது, எனினும் தீமையே முடிவில் வெல்லும் அக்கதையை யான் ஒருமுறைக்குமேற் கேட்கவில்லை. கேட்கவும் விருப்பமில்லை.

மறு ஆண்டில் வந்த 'ஆபரேஷன்: மைண்ட்கிரைம்' என்பதே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. அமெரிக்கக் கோஷ்டியாராகிய குவீன்ஸ்ரைக் என்பார் செய்தது. நிக்கி என்பவன் போதை மருந்துக்கு அடிமையாய், நாட்டின் அநீதிகண்டு கொதித்த இளைஞன். டாக்டர் எக்ஸ் என்னும் வஞ்சகன் அவன் மனத்தை வசியஞ்செய்து, ஒரு சொல்லைச் சொன்னவுடன் கொலைபுரியும் கருவியாக்கிக்கொள்கின்றான். மேரி என்பவள் வீதியிற் கெட்டுப்போய், பின்னர்க் கன்னிகாஸ்திரீயானவள். நிக்கிக்கு வாய்த்த ஒரே ஆறுதல் அவள். அவளையே கொல்லும்படி கட்டளை பிறக்கின்றது. அவன் மறுக்கின்றான். ஆனால் மேரி இறந்து கிடக்கின்றாள். கதை தொடங்குவதோ இவற்றிற்கெல்லாம் பின்னர், ஆஸ்பத்திரிக் கட்டிலில், நினைவு திரும்பும் ஒருவன் குரலில். ஆதலின் முதன்முறை கேட்பார்க்கு முதற்பாட்டு விளங்காது. இறுதிவரை கேட்டு மீண்டும் முதலுக்கு வந்தபின்னரே விளங்கும்.

சென்ற கோடை விடுமுறையிற் புதுக்கோட்டை நாட்டுப்புறத்தில் எங்கள் ஊரில் இருந்தேன். காதிற் செருகிக் கேட்கும் கருவி பழுதுற்றமையால், இத்தொடரைக் கூடத்திலே யாவரும் கேட்க ஒலிக்கவிட்டேன். என் பாட்டனார் நெடுங்காலம் உபதேசியாராய் ஊழியஞ்செய்து ஓய்ந்தவர். அவர் திண்ணையிலிருந்து, "என்ன தம்பி, வீட்டுக்குள்ளே தகரம் தட்டுகிறாய்?" என்றார். "பாட்டு அல்ல தாத்தா, கதை" என்றேன். கதையென்றவுடன் அவர் உள்ளே வந்து அமர்ந்துவிட்டார். ஒவ்வொரு பாட்டுக்கும் முன் நிறுத்தி நடந்ததைச் சொல்லி வந்தேன். மேரியின் பாட்டு வந்தபோது எனக்குத் தயக்கமுண்டாயிற்று. பத்து நிமிடத்திற்கு மேற்பட்ட அந்நெடும்பாட்டில் தேவாலயப் பாடகர் குழுவைப் போன்ற கோஷ்டி கானம் பின்னே ஒலிக்க, மேரியும் நிக்கியும் உரையாடுகின்றனர். அவளைக் காக்கவேண்டிய குருவானவரே அவளைக் கெடுத்தவர் என்பது அங்கே வெளிப்படும். வாழ்நாள் முழுதும் திருச்சபைக்கு உழைத்த முதியவரிடம் இதனை எங்ஙனம் சொல்வது? மறைத்துவிடலாமென்று எண்ணி, ஈற்றில் மறைக்காமற் சொன்னேன். அவர் சற்றுநேரம் பேசவில்லை. பின், "ஏலியின் பிள்ளைகள் செய்ததும் வேதத்தில் எழுதித்தானே இருக்கிறது, மேலே சொல்" என்றார்.

தொடர் முடிந்தது. "அந்தப் பெண்ணைக் கொன்றது யார்?" என்று வினவினார். "அது சொல்லப்படவில்லை, தாத்தா" என்றேன். "அது எப்படிச் சொல்லாமல் விடுவான்?" என்று சினந்தாற்போல எழுந்துபோனார். மறுநாட் காலையில் நீராகாரம் அருந்தும்போது, "அவள் தன்னைத்தானே மாய்த்துக்கொண்டாள் என்று வைத்துக்கொண்டால் அந்த ஆஸ்பத்திரிப் பாட்டு வேறு மாதிரி கேட்குமே" என்றார். உலகெங்கும் இத்தொடரைக் கேட்டோர் பல்லாண்டுகளாக வாதிட்டுவந்த வினாவிற்குள் அவரும் ஓரிரவில் நுழைந்துவிட்டார். ஆங்கிலம் அவர்க்குச் சிறிதே தெரியும். அவ்வோசை அவர்க்குப் பிடிக்கவும் இல்லை. அவரைப் பிடித்தது தொடர்ச்சி. ஒரு பாட்டு இன்னொரு பாட்டின் பொருளை மாற்றும் வல்லமை முத்தகத்திற்கு ஏது?

இது பொருட்டொடர்நிலை. இனிச் சொற்றொடர்நிலைக்கு ஒப்பானதைக் காண்போம். அதே 1988-இல் அயர்ன் மெய்டன் என்னும் ஆங்கிலக் கோஷ்டியார், ஏழாம் மகனுக்குப் பிறந்த ஏழாம் மகன் தீர்க்கதரிசன வரம்பெற்று அல்லலுறும் கதையைப் பாடினர். கதைக்கட்டு அவ்வளவு இறுக்கமன்று. நடுவே சில பாட்டுகள் எக்கதையிலும் பொருந்தும். ஆயினும் முதற்பாட்டின் முகப்பில் மின்கருவி யாதுமின்றி மெல்லிய கித்தாரோடு வரும் ஒரு சிறு பகுதி, கடைசிப் பாட்டின் முடிவில் அவ்வாறே மீண்டு வந்து தொடரை முடிக்கின்றது. அந்தாதியில் இறுதியும் முதலும் ஒன்றாய் மண்டலித்து முடிதலை வேறெவ்வாறு இசையிற் செய்வது?

டிரீம் தியேட்டர் என்னும் அமெரிக்கக் கோஷ்டியார் இதனை இன்னும் நுட்பமாகச் செய்தனர். 1999-இல் வந்த அவர்தம் 'மெட்ரோபோலிஸ்' இரண்டாம் பாகம் இரண்டு அங்கம், ஒன்பது காட்சி, பன்னிரண்டு பாட்டுக் கொண்டது. நிக்கலஸ் என்பான் ஒரு வைத்தியனால் உறக்கத்தில் ஆழ்த்தப்பட்டு, 1928-இற் கொலையுண்ட விக்டோரியா என்னும் பெண்ணின் வாழ்வைத் தன் முற்பிறவியாகக் காண்கின்றான். அவர்களே 1992-இற் பாடிய முதற்பாகப் பாட்டின் இசைத்துணுக்குகள் இதில் ஆங்காங்கே முகங்காட்டும். அறிந்தவர்க்கு அது பழைய நண்பரைத் திருவிழாக் கூட்டத்தில் எதிர்ப்பட்டாற்போன்ற மகிழ்ச்சி. இத்தொடர் கிராமபோன் ஊசியின் கரகரப்போடு முடிய, 2002-இல் வந்த அடுத்த தொடர் அதே கரகரப்போடு தொடங்குகின்றது. அதன் இறுதிச் சுரக்கூட்டு 2003-இல் வந்த தொடரின் முதலாகின்றது. தட்டுக்கும் தட்டுக்கும் இடையே அந்தாதி தொடுத்தவாறு காண்க.

ஏனைய மேனாட்டிசையிலும் தொடர்கள் உண்டாயினும் கன உலோகத்தில் அவை மிக்கிருப்பதற்குக் காரணம் யாது? அதன் பாடுபொருளே பெரிதென்பது என் கருத்து. மரணம், ஊழ், போர், பாவம், உலக முடிவு என்பவற்றை மூன்று நிமிடத்தில் அடக்க இயலாது. மேலும் அவ்விசை ஒரே பாட்டில் முணுமுணுப்பினின்று இடியாகவும், விரைவினின்று ஊர்தலாகவும் மாறவல்லது. கதையில் மெய்ப்பாடு மாறுந்தோறும் இசையும் உடன்மாறும். பாட்டு வரிகள் அச்சிட்ட சிறுநூலைக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாய்க் கேட்கும் வழக்கமும் இவ்விசையன்பரிடையே உண்டு. வாசிப்போர் கூட்டமே இது. ஜெர்மனி தேசத்துப் பிளைண்ட் கார்டியன் 1998-இல் டோல்கீன் என்னும் ஆசிரியர் புனைந்த பழங்கதைகளைத் தொடராக்கியபோது, பாட்டுகளுக்கிடையே உரையாடல் துணுக்குகளையும் சேர்த்தனர். உரையும் பாட்டும் விரவிய சிலப்பதிகாரம் படித்த நமக்கு அது புதிதாய்த் தோன்றாது. மாஸ்டடான் என்பார் 2004-இல் 'மோபி டிக்' என்னும் திமிங்கிலக் கதையைப் பாடினர். அதில் ஒரு சொல்லும் எனக்கு முதலில் விளங்கவில்லை. கடல் மட்டும் விளங்கிற்று.

குற்றமும் கூறல் வேண்டும். இத்தொடர்களின் பாட்டு வரிகளை இசை நீக்கி வெறும் எழுத்தாகப் படித்தால், நாணத்தக்கவை பல. கதைகளிற் சில, மூன்றாந்தரத் துப்பறியும் நாவலையும் விஞ்சா. மைண்ட்கிரைமின் இரண்டாம் பாகத்தை 2006-இல் வெளியிட்டு, விடாமல் விட்டிருந்தாற் சிறக்கும் முடிச்சுகளை அவிழ்க்கப் புகுந்ததும் ஒரு பிழையே. (என் பாட்டனாரிடம் அதனைச் சொல்லவில்லை.)

நிற்க. பாட்டைக் கோத்துக் கதை சொல்லுதலைத் தமிழர்க்கு மேனாட்டார் கற்பிக்க வேண்டுவதில்லை. சீகாழி அருணாசலக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இராமகாதை முழுவதையும் கீர்த்தனைகளாகக் கோத்தார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1800-இற் பெத்லகேம் குறவஞ்சியை இயற்றினார். கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தன் சரித்திரத்தைப் பாடினார். அவற்றுக்கு நேர்ந்த கதியும் ஈண்டு நினைக்கத்தக்கது. கச்சேரி மேடையில் இன்று அக்கீர்த்தனைகள் தனித்தனியே கழற்றிப் பாடப்படுகின்றன. திருப்புங்கூர்ச் சந்நிதிக்கு வெளியே நின்று, உள்ளே செல்லவியலாத ஒருவன் கேட்கும் கேள்வி, குளிர்ந்த சபையில் ஓர் இராகத்தின் அழகாக மட்டும் எஞ்சுகின்றது. தொடரினின்று பிரிந்தவுடன் நந்தன் பட்ட அவமானம் எங்கோ மறைந்துபோகின்றது. மாறாக, நம் மாவட்டத்து ஆவூரில் ஈஸ்டர் காலத்தில் நிகழும் பாஸ்கா நாடகத்தைக் கண்டவர், இறுதிக் காட்சியை மட்டும் தனியே காட்டினால் ஒப்புக்கொள்வரா? வரிசையாகப் பாடுகளைப் பார்த்திருந்தவர்க்கே உயிர்த்தெழுதல் உரியது.

கன உலோகத்திலேயே நம்மவர் செய்த தொடரும் உண்டு. சிங்கப்பூரில் 1992-இல் இந்திய வமிசத்தினர் தொடங்கிய 'ருத்ரா' என்னும் கோஷ்டி 2003-இற் 'குருக்ஷேத்ரா' என்பதை வெளியிட்டது. பின்னர் 'பிரம்மவித்யா' என்னும் பெயரால் 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் மூன்று தட்டுகளை ஒரே தொடராகச் செய்தது. கித்தார் முழக்கத்தினூடே வடமொழி ஓதலும் நம் நாட்டு வாத்தியமும் கேட்கும். பேய்க்கதைக்குப் பயன்பட்ட கருவிகளை வேதாந்த விசாரத்திற்கும் பயன்படுத்தலாம் என்பதற்கு அவர்கள் சான்று. ஒரு வேடிக்கை: அன்னவாசலை அடுத்த குடுமியான்மலையில், சிகாநாதர் கோயிலுக்குப் பின்னுள்ள பாறையில் ஏழு இராகங்களுக்குரிய சுரக்கோவைகளை ஏழு பகுதியாக வரிசைப்படுத்திப் பல்லவ கிரந்தத்தில் வெட்டியிருக்கின்றார்கள். அதனைச் செய்வித்த அரசன் தன்னை ருத்திராசாரியரின் மாணாக்கன் என்று கூறிக்கொள்கின்றான். இசையை வரிசையுறக் கோத்துக் கல்லில் வைத்தவனுக்கும், இரும்பிசையிற் கோத்த சிங்கப்பூரார்க்கும் யாதொரு தொடர்புமில்லை. பெயர் ஒன்றே பொது.

கிறிஸ்தவ மாணவர்க்கு இன்னொரு செய்தி. ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட மோட்சப் பிரயாணக் கதையைத் தழுவி, எச். ஏ. கிருஷ்ண பிள்ளையவர்கள் 1894-இல் இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியத்தை வெளியிட்டதை நாம் பாடமாகப் படிக்கின்றோம். அதே கதையை நீல் மோர்ஸ் என்னும் கிறிஸ்தவப் பாடகரின் கோஷ்டி 2016-இல் இரண்டு தட்டுகளில் ஒரே தொடராகப் பாடியது. 2019-இல் அதன் பிற்பகுதியும் வந்தது. அது முழுக் கன உலோகமன்று. சற்று மென்மையான அண்டை வீட்டு இசை. ஆனால் அதில் முரசு வாசித்த மைக் போர்ட்னாய், மேற்சொன்ன 1999-ஆம் ஆண்டு டிரீம் தியேட்டர் தொடரிலும் வாசித்தவரே. முற்பிறவிக் கதைக்கு முழங்கிய கை, நாச நகரை விட்டோடும் யாத்திரிகனுக்கும் முழங்கிற்று. 'சாத்தானின் சங்கீதம்' என்பார்க்கு யான் சொல்லும் விடை இவ்வளவே: கருவி எவர் கையிலுமிருக்கலாம், எந்தத் தொடர் என்று பார்த்துக் கேளுங்கள்.

இக்காலத்துக் கைபேசியில் இசை கேட்போர்க்குத் தொடர்நிலை எளிதிற் கைகூடுவதன்று. வரிசையைக் கலைத்துப் போடும் பொறி ஒன்று அதிலிருக்கின்றது. இரண்டாம் காட்சிக்குப்பின் ஒன்பதாம் காட்சி, இடையே பற்பசை விளம்பரம். பாடகியார் அடேல் வேண்டிக்கொண்டதன்மேல், 2021 நவம்பரில் ஸ்பாட்டிஃபை கம்பெனியார் ஆல்பத்தைத் திறந்தவுடன் வரிசை கலையும்படி முதன்மையாக வைத்திருந்த பொத்தானை மாற்றியமைத்தனர். அவர் கன உலோகப் பாடகியல்லர். எனினும் தொகைநிலையாயினும் தொகுத்தவர்க்கு ஒரு வரிசையுண்டு என்று வாதாடினார்.

இதுவரை இவ்விசையைக் கேளாத நண்பர், மைண்ட்கிரைமிலிருந்து தொடங்கலாம். ஏறக்குறைய ஒரு மணி நேரம் செல்லும். பாட்டு வரிகளை முன்பே எடுத்து வைத்துக்கொள்க. வரிசை கலைக்கும் பொறியை அணைத்துவிடுக. முதற்பாட்டு விளங்காவிடில் நிறுத்தாது செல்க. கூட ஒருவரை, கதை கேட்கும் ஆவலுடைய முதியவரையேனும், அமர்த்திக்கொண்டாற் கொலையாளி யாரென்று மறுநாள் வாதிடத் துணை கிடைக்கும்.